பசுமை விருதும் இருபத்து நான்கு நாப்பிகளும்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். நாற்பத்தேழு வீடுகளில் துணி உலர்த்தும் மெஷின் இருந்தது. மிச்சமிருந்த ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் இருந்தார்கள்.

எட்டு மாத வயதான அந்த இருவரும் நாளொன்றுக்கு இருபத்து நான்கு நாப்பிகளை, ஆளுக்குப் பன்னிரண்டு என்று பாகப்பிரிவினைத் தகராறு ஏதுமில்லாமல் நனைத்து வந்தார்கள். கடையில் விற்கிற, ஒருமுறை போட்டு எறிகிற நாப்பியைக் கட்டினால் இருவருக்கும் தொடை சிவந்து வீடே அலறும். ஆகவே துணி நாப்பி. துவைத்ததை அவர்களுடைய அம்மா மூன்றாம் மாடிப் பால்கனியில் கயிறு கட்டி உலர்த்துவாள். கட்டடத்தில் அவளுக்கு இரட்டையம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற உத்தியோகம், பன்னிரண்டு வருட சர்வீஸ். பேறுகால விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

இரட்டையம்மாவுக்குப் பூமியைக் காப்பாற்றும் உத்தேசம் எதுவும் கிடையாது. தலைவாரவே நேரமில்லாதவள் பூமிக்கு எங்கே போவாள்? எந்த மெஷின் ஓடினால் மீட்டர் என்ன துள்ளு துள்ளும் என்று பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவள் அவள். சும்மா கிடைக்கிற வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் காசு கொடுத்து வெயில் தயாரிப்பது அவளுக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. அவளுடைய தத்துவம் மொத்தமும் அவ்வளவுதான்.

கட்டடத்தின் தத்துவம் வேறு. ஆறாம் மாடியில் ஒரு வீட்டுக்கு முதல் டிரையர் வந்து இறங்கியபோது ஐந்தாம் மாடிக்குத் தூக்கம் போயிற்று. ஐந்தாம் மாடி வாங்கியதும் நாலாம் மாடி. இப்படி மேலிருந்து கீழே ஜலதோஷம் மாதிரி பரவி, ஒரே வருடத்தில் தரைத்தளம் வரை வந்து சேர்ந்தது. அதன் பிறகு வெளியே துணி தொங்கினால் உள்ளே மெஷின் இல்லை என்று அர்த்தமாயிற்று. மெஷின் இல்லையென்றால் வசதி இல்லை. வசதி இல்லாதவர்கள் குடியிருந்தால் கட்டடத்துக்கே மதிப்பு இல்லை. உடனே சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் பதினேழாம் விதி முளைத்தது: பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது. மூன்று முறை நோட்டீஸ் வாங்கினால், வாடகைக்கு இருப்பவர் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இரட்டையம்மா இரண்டு வாங்கியாயிற்று.

நோட்டீஸ் கொடுப்பவர் சங்கத் தலைவர். காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை விட்ட கை ஓய்வு பெற மறுத்துவிட்டதால், இங்கே வந்து நாலு வருடத்தில் நூற்றுப் பதினோரு சுற்றறிக்கை விட்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் சர்க்குலர் என்றுதான் சொன்னார்கள். லிஃப்டில் 'பேப்பரைச் சேமிப்போம்' என்ற வாசகத்தை நாலு வண்ணத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மாடிக்கு மூன்று வீதம் ஒட்டியவர் அவர்தான்.

அந்த வருடம் நகரசபை ஒரு விருது அறிவித்தது: சிறந்த பசுமைக் குடியிருப்பு. கேள்விப்பட்ட நாளிலிருந்து தலைவருக்குப் பசுமையைத் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. வாசலில் பச்சை மிதியடி. செக்யூரிட்டிக்குப் பச்சைத் தொப்பி. மொட்டை மாடியில் நாலு சோலார் பேனல். பேனல்களை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதால், கட்டடத்தின் பெயர் எழுதிய பிரம்மாண்டமான போர்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். போர்டின் நிழல் காலையில் பேனல் மேல் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும்.

நடுவர் குழு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறது என்று தகவல் வந்ததும் தரைத்தளத்து ஹாலில் கூட்டம் போட்டார். நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றறிக்கையை அவரே நின்று வாசித்தார்.

"எல்லா வீட்டு ஜன்னல்லயும் சங்கம் கொடுத்த சந்தன நிறத் திரைச்சீலைதான் தொங்கணும். ஞாயித்துக்கிழமை காலையில துவைச்சுக் காயவெச்சு, பத்து மணிக்குள்ள மாட்டிடணும். புதுசா துவைச்ச மாதிரி இருக்கணும். பத்து மணிக்கு மேல வேற ஒரு துணிகூட வெளியில கண்ணுல படக்கூடாது."

பின்வரிசையில் ஒரு குழந்தையை மடியிலும் இன்னொன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இரட்டையம்மா எழுந்தாள்.

"சார், ஒரு விஷயம். ஒரு டிரையர் ரெண்டு கிலோவாட்டுக்கு மேல இழுக்கும். நாப்பத்தேழும் ஒரே நேரத்துல ஓடினா நம்ம மெயின் கேபிள் தாங்காது. பாதி வீட்டை சனிக்கிழமையே துவைக்கச் சொல்லிடுங்க."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நகைச்சுவை வரப்போகிறது என்று அர்த்தம்.

"நீங்க லீவுலதானேம்மா இருக்கீங்க? உங்க டிபார்ட்மென்ட்டும் கொஞ்சம் லீவுல இருக்கட்டுமே."

ஹால் சிரித்தது. இரட்டையம்மாவின் எதிர்வீட்டு டீச்சர் முன்வரிசையிலிருந்து திரும்பி, "டிரையர் இல்லாதவங்களுக்குத்தான் டிரையரைப் பத்தி எவ்வளவு தெரியுது பாருங்க!" என்றாள். ஹால் இன்னும் கொஞ்சம் சிரித்தது.

"நீங்க உங்க துணியை மட்டும் பார்த்துக்குங்க. மூணாவது நோட்டீஸ் தயாரா இருக்கு, கையெழுத்தும் போட்டாச்சு. அதுல தேதி மட்டும்தான் பாக்கி" என்று தலைவர் முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவன் பின்தெருவில் பேக்கரி மாஸ்டர்.

"பேசாம தவணையில ஒரு டிரையர் வாங்கிடுவோமா?" என்றான்.

"வாங்கலாம். அடுத்த வருஷம் ஆறாம் மாடியில வேற ஏதாவது வாங்குவாங்க. அதையும் வாங்குவோம்."

"இல்லன்னா துணியைக் கொடு, ரொட்டி எடுத்த சூட்டுல அடுப்புப் பக்கம் காயப்போட்டுக் கொண்டாரேன். பிள்ளைங்க மேல பன்னு வாசனை அடிக்கும்."

"பன்னு மேல பிள்ளைங்க வாசனை அடிச்சா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் இந்த வீடு போனால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். அவளுடைய செக்‌ஷன் ஆபீஸ் பத்து நிமிட நடை. அதற்குப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஏழு மாதம் காத்திருந்து, போன வாரம்தான் இரண்டு தொட்டில் கிடைத்திருந்தது. வீடு மாறினால் தொட்டில் போகும். தொட்டில் போனால் யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். யாராவது ஒருவர் என்றால் யார் என்பதை இரண்டு பக்கத்து உறவினர்களும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

"விடியறதுக்குள்ள துவைச்சுப் போட்டுட்டு, பத்து மணிக்கு முன்னாடி எடுத்துடறேன். அவரு சொன்னது பத்து மணிதானே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே இருபத்து நான்கும் கயிற்றில் ஏறிவிட்டன. நல்ல காற்று. எட்டு மணிக்குத் தலைவர் அரைக்கால் சட்டையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்தவர், ரோட்டில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடியில் வெள்ளை வெளேரென்று நாப்பிகள் அவரைப் பார்த்துக் கையசைத்தன.

"அம்மா! என்ன இது?"

"பத்து மணிக்கு முன்னாடி எடுத்துடறேன் சார்!"

"சர்க்குலர்லதான் பத்து மணி. விதி பதினேழுல மணியே கிடையாது. அங்கயே இருங்க, கையெழுத்துப் போட்டதை எடுத்துட்டு வரேன்!"

அவர் லிஃப்டில் ஏறிப் போவதை இரட்டையம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். நாப்பிகளைப் பாதி ஈரத்தோடு எடுத்துவிடலாமா என்று கை கயிறுவரை போனது. எடுத்தாலும் கொடுப்பார், எடுக்காவிட்டாலும் கொடுப்பார். காயவாவது காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதே நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றறிக்கை தன் வேலையைத் தொடங்கியிருந்தது. இதற்கு முந்திய நூற்றுப் பதினொன்றையும் யாரும் மதித்ததில்லை. இதை மட்டும், விருது என்ற ஒரு சொல்லுக்காக, நாற்பத்தேழு வீடுகளும் எழுத்து பிசகாமல் பின்பற்றின. எல்லா வீட்டிலும் ஏழு மணிக்குத் திரைச்சீலைகள் இறங்கின, வாஷிங் மெஷினில் விழுந்தன, எட்டேகாலுக்கு நாற்பத்தேழு டிரையர்களும் ஒன்றாக உறுமின. கட்டடமே விமானம் மாதிரி லேசாக அதிர்ந்தது.

எட்டு இருபத்திரண்டுக்குத் தரைத்தளத்தில் டமார் என்று ஒரு சத்தம். பிறகு உறுமல் அடங்கியது. ஃபேன்கள் தயங்கித் தயங்கி நின்றன.

"ஏழு நிமிஷம் தாங்கியிருக்கு. பரவாயில்லை" என்றாள் இரட்டையம்மா.

கட்டடத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் கையெல்லாம் கரியோடு வெளியே வந்தார். மெயின் கேபிள் கருகிவிட்டது, குறைந்தது நாலு மணி நேரம் ஆகும். ஜெனரேட்டரைப் போட்டால் டீசல் புகை பச்சை மிதியடியைத் தாண்டி ரோடுவரை போகும். அதைப் பசுமை நடுவர்கள் பார்க்கக் கூடாது என்று ஆறாம் மாடியிலிருந்து தலைவர் கத்தினார்.

இப்போது நிலவரம் இது. நாற்பத்தேழு வீட்டு ஜன்னல்களும் மொட்டையாக நின்றன. திரைச்சீலைகள் ஈரத்தோடு மெஷினுக்குள். அத்தனை வீடுகளின் உள்ளும் ரோட்டுக்குத் தெரிந்தது. பழைய சோபா, உடைந்த நாற்காலி, பீரோவுக்கு மேல் அடுக்கிய அட்டைப்பெட்டி, பனியனோடு பல் தேய்க்கிற வங்கி மேனேஜர். இவ்வளவு காலம் யாரும் யாருக்கும் தெரியவிடாமல் காப்பாற்றிய கௌரவமெல்லாம் ஒரே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் கதவைத் தட்டியது எதிர்வீட்டு டீச்சர். கையில் ஒரு பேசின், அதில் முறுக்கிப் பிழிந்த திரைச்சீலை.

"உங்க கயித்துல கொஞ்சம் இடம் இருக்குமா?"

"இருபத்து நாலு ஏற்கெனவே நிக்குது டீச்சர்."

"கிளிப்பாவது இருக்கா?"

இரட்டையம்மாவுக்கு அந்த நொடியில் சொல்வதற்குப் பதினெட்டு பதில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் காரமானது. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பதினெட்டையும் விழுங்கிவிட்டு, "கிளிப் நெறைய இருக்கு. இடம்தான் வேணும். மொட்டை மாடி மொத்தமும் சும்மா கெடக்குதே" என்றாள்.

"அது பூட்டியிருக்கு. சாவி தலைவர்கிட்ட."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து தலைவரின் மனைவி மூச்சிரைக்க இறங்கி வந்தாள். லிஃப்ட் நின்றுபோனதால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் மூன்றாம் மாடியைப் பார்க்கிறாள்.

"நீங்க கரண்ட் ஆபீஸ்தானேம்மா? எங்க வாஷிங் மெஷின் கதவு திறக்கவே மாட்டேங்குது. அவரோட பேன்ட் உள்ள மாட்டிக்கிச்சு."

"வேற பேன்ட் போட்டுக்கச் சொல்லுங்களேன் அக்கா."

"எல்லாப் பேன்ட்டும் உள்ளதான் இருக்கு. ஞாயித்துக்கிழமையாச்சேன்னு மொத்தமா போட்டுட்டேன். விருது வாங்கறதுக்குன்னு தைச்சது, நேத்துத்தான் ஒரு தடவை போட்டுப் பார்த்தாரு, அதுவும் உள்ள. மனுஷன் அரைக்கால் சட்டையோட நின்னு என்னைத் திட்டறாரு."

இரட்டையம்மா குழந்தைகள் இருவரையும், அப்போதுதான் பேக்கரியிலிருந்து வந்து சேர்ந்த புருஷன் மேல் ஆளுக்கொரு தோளில் ஏற்றிவிட்டு ஆறாம் மாடிக்கு ஏறினாள். படிக்கட்டில் மாடிக்கு மாடி ஈரத்துணிப் பேசினோடு ஆட்கள். அவளைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கூட்டத்தில் சிரித்த அதே முகங்கள்தான். இப்போது சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தன.

தலைவர் மெஷினுக்கு முன்னால், அதை மிரட்டுவதுபோல் நின்றிருந்தார். அவருடைய முழங்கால்களை இரட்டையம்மா இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுவே முதல் முறை. அவை அவரைவிடச் சாதுவாக இருந்தன.

"கரண்ட் போனா கதவு தானா பூட்டிக்கும் சார். கீழ சின்னதா ஒரு மூடி இருக்கும். அதுக்குள்ள ஒரு நாடா. அதை இழுத்தா திறந்துடும்."

"அப்ப இழுங்க."

"இழுக்கறேன். மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்க."

"சாவி எதுக்கு?"

"பேன்ட் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு. வீட்டுக்குள்ள போட்டா சாயங்காலம்தான் காயும். மாடியில இந்த வெயிலுக்கும் காத்துக்கும் ஒன்றரை மணி நேரம். மணி இப்போ ஒன்பதாகப் போகுது."

தலைவர் கணக்குப் போட்டார். காப்பீட்டுக்காரர், எது எவ்வளவு ஆபத்து என்று எடைபோட்டே வாழ்ந்தவர். ஒரு பக்கம் பதினேழாம் விதி. இன்னொரு பக்கம், நகரசபை நடுவர்களும் புகைப்படக்காரரும், நடுவில் தன்னுடைய முழங்கால்கள்.

"மாடியில கயிறு கட்டினா கட்டடத்தோட மதிப்பு..."

"அதையும் உங்க பேன்ட்டையும் சேர்த்தே எடை போட்டுப் பாருங்க சார்."

"கொடுத்துத் தொலைங்களேன்!" என்றாள் அவர் மனைவி. சாவி வந்தது.

இரட்டையம்மா குனிந்து நாடாவை இழுத்தாள். டக். கதவு திறந்தது. துணிகளோடு துணியாக வெள்ளை வெள்ளையாக என்னவோ பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"பாக்கெட்ல பேப்பர் வெச்சிருந்தீங்களா சார்?"

தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றுப் புதுப் பேன்ட்டைப் போட்டுப் பார்த்தபோது, கண்ணாடி முன்னால் கம்பீரமாக நின்று, கையெழுத்திட்ட காகிதம் ஒன்றைப் பாக்கெட்டில் செருகிப் பார்த்திருக்கிறார். அதைத்தான் எட்டு மணியிலிருந்து வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இரட்டையம்மா ஒரு துணுக்கைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'நாட்களுக்குள் காலி' என்பதுவரை படிக்க முடிந்தது. மிச்சம் கஞ்சி.

"இது உங்களோடதுதான்னு நினைக்கிறேன்" என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் படியேறினாள். கால்கள் அன்றுதான் தரையில் படாமல் நடந்தன.

மொட்டை மாடிக் கதவு திறந்ததும், பூட்டி வைத்திருந்த வெயில் மொத்தமும் படிக்கட்டில் வழிந்தது. அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. அவளுடைய நைலான் கயிறு, எலக்ட்ரீஷியன் அண்ணனின் பழைய ஒயர்ச் சுருள், டீச்சர் வீட்டு ஸ்கிப்பிங் கயிறு, யாரோ வீடு மாற்றும்போது மிச்சம் பிடித்த பார்சல் கயிறு, எல்லாம் தண்ணீர்த் தொட்டிக் கால்களுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டன.

"நல்லா முறுக்கிப் பிழிஞ்சுட்டுப் போடுங்க! மடிச்சுப் போடாதீங்க சார், விரிச்சுப் போடுங்க. காத்து இந்தப் பக்கம் வருது பாருங்க, அதுக்குக் குறுக்கா போடுங்க. பேங்க் சார், அது உங்க திரைச்சீலை இல்ல, பக்கத்து வீட்டு லுங்... விடுங்க, அதையும் போடுங்க!"

இடம் போதாமல் ஒருவர் பேனல்களுக்குப் பக்கத்தில் கயிறு கட்டப் போனார்.

"அங்க வேண்டாம். நாள் பூரா நிழல்" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

"நிழல்லயா சோலார் வெச்சிருக்கு?"

"ரோட்ல இருந்து தெரியணும்னாரு. தெரியுதில்ல?"

"ஒயர் எங்க போகுது அண்ணே?" என்று இரட்டையம்மா கேட்டாள்.

"எங்கயும் போகல. ஒயர் அடுத்த வருஷ பட்ஜெட்டுல."

பத்தரை மணிக்கு நாற்பத்தேழு வீட்டுத் திரைச்சீலைகளும் ஒரே சந்தன நிறத்தில் பாய்மரம் போல் புடைத்து நின்றன. நடுவே, பால்கனியிலிருந்து மேலே வந்த இரண்டு வரிசை நாப்பி. ஓரத்தில் தலைவரின் ஆறு பேன்ட்கள் காற்றில் முழங்கால் மடக்கி ஓடிக்கொண்டிருந்தன. நாலு வருடமாக லிஃப்டில் கூரையைப் பார்த்துக்கொண்டே போய்வந்தவர்கள் ஒருவர் திரைச்சீலையை இன்னொருவர் பிடித்துக்கொடுத்தார்கள். புருஷன் பேக்கரியிலிருந்து ஒரு தட்டு பன் வரவழைத்தான். யாரும் வாசனை பார்க்காமல் தின்றார்கள்.

நடுவர்கள் பத்து நாற்பதுக்கே வந்துவிட்டார்கள்.

மூன்று பேர். தலைமை நடுவர் கட்டையான, சுருக்கெழுத்து மாதிரிப் பேசுகிற ஒரு அம்மாள். லிஃப்ட் இல்லை என்றதும், "நல்லது" என்று சொல்லிவிட்டு ஆறு மாடியும் ஏறினாள். மற்ற இருவரும் அதை நல்லது என்று நினைத்த மாதிரித் தெரியவில்லை. தலைவர் கயிற்றிலிருந்து பேன்ட்டை உருவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இடுப்புப் பக்கம் இன்னும் காயாமல் சில்லென்று இருக்க, நோட்டீஸின் வெள்ளைத் துணுக்குகள் தொடையில் ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

தலைமை நடுவர் மாடிக் கதவருகே நின்றுவிட்டாள். எதிரே நாற்பத்தெட்டு வீட்டுத் துணியும் ஒரே மூச்சில் படபடத்தது.

"இது என்ன?"

தலைவர் முப்பத்தைந்து வருட அனுபவத்தை ஒரே நொடியில் திரட்டினார். "இதுதான் மேடம் எங்க சங்கத்தோட நேரடிச் சூரிய ஆற்றல் வழி உலர்த்தும் கூட்டுத் திட்டம்."

"அதாவது, துணி காயப்போடறீங்க."

"அப்படியும் சொல்லலாம் மேடம்."

"அது?" என்று பேனல்களைக் காட்டினாள்.

"அது போட்டோவுக்கு" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தொழில். அதில் பொய் சொன்னால் ஷாக் அடிக்கும்.

அம்மாளின் பேனா எதையோ எழுதியது. தலைவரின் முகம் திரைச்சீலை நிறத்துக்கு வந்தது.

"இந்தத் திட்டம் யாரோடது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிப்பதற்குள், "இவங்களோடது" என்று ஒரு குரல் கேட்டது. எதிர்வீட்டு டீச்சர். அவள் விரல் இரட்டையம்மாவை நோக்கி நீண்டிருந்தது. பிறகு பேங்க் மேனேஜரும் கையை நீட்டினார். பிறகு மாடி முழுக்கக் கைகள் நீண்டன.

"நீங்க என்ன பண்றீங்க?"

"மின்வாரியத்துல ரீடிங் எடுக்கறேன் மேடம். வீட்ல இரட்டைப் பிள்ளைங்க."

"இது எத்தனை நாளா நடக்குது?"

இரட்டையம்மா மூச்சை இழுத்தாள். தலைவர் சொன்ன திட்டத்துக்கு ஆமாம் சாமி போட்டால் அவர் காப்பாற்றப்படுவார், விருதும் வரும்; அவளுக்கு அடுத்த வாரம் ஒரு புது நோட்டீஸ் அச்சாகும். கேபிள் சரியானதும் பிரிண்டரும் ஓடுமே.

"மாடியில இன்னிக்குத்தான். காலையில நாப்பத்தேழு டிரையரும் ஒண்ணா ஓடி கேபிள் கருகிடுச்சு. எங்க வீட்டுப் பால்கனியில மட்டும் எட்டு மாசமா நடக்குது" என்றவள், குழந்தைகளின் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். நாப்பிகளோடு சேர்ந்து மடங்கி மடங்கி, அவையும் மென்மையாகிப் போயிருந்தன. "அதுக்குச் சங்கம் கொடுத்த சான்றிதழ் இது."

அம்மாள் இரண்டு நோட்டீஸையும் கடைசி வரிவரை வாசித்தாள்.

"விதி பதினேழு இப்பவும் இருக்கா?" என்று தலைவரைக் கேட்டாள்.

"அது... பரிசீலனையில..."

"எப்ப முடியும் பரிசீலனை?"

தலைவர் சுற்றிலும் பார்த்தார். கையில் பேசின் வைத்திருக்கிற நாற்பத்தேழு வீட்டு ஆட்களும், பதினேழாம் விதிக்குக் கைதூக்கிய அதே ஆட்கள், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி, "முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க" என்று காதில் விழுகிறமாதிரியே கிசுகிசுத்தாள்.

"முடிஞ்சிடுச்சு மேடம். இந்த நிமிஷத்துலருந்து விதி பதினேழு ரத்து. ரெண்டு நோட்டீஸும் ரத்து."

"எழுத்துல?"

எழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவரின் கை தானாகப் பேனாவைத் தேடியது. நூற்றுப் பதின்மூன்றாவது சுற்றறிக்கை, மின்சாரம் இல்லாததால் கையாலேயே, இரண்டாவது நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. பேப்பரைச் சேமித்து அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

மாடி கைதட்டியது. கூட்டத்தில் சிரித்ததைவிடச் சத்தமாகத் தட்டியது. இரட்டையம்மா அந்தக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். புருஷன் தோள்களில் இருந்த இருவரும், இந்த வரலாற்றுத் தருணத்தில் தங்கள் பங்குக்கு, இருபத்தைந்தாவதையும் இருபத்தாறாவதையும் நனைத்தார்கள்.

பெரிய விருது வேறு ஒரு கட்டடத்துக்குப் போயிற்று. இவர்களுக்கு 'குடியிருப்போரின் சிறந்த நடைமுறை' என்று ஒரு கேடயம் கிடைத்தது. பத்திரிகையில் படமும் வந்தது. படத்தில் இரட்டையம்மாவும் நாப்பிகளும் பளிச்சென்று இருந்தார்கள். தலைவர் ஓரத்தில், தொடையில் வெள்ளைப் புள்ளிகளோடு.

அந்தப் படத்துக்கு அப்புறம் நடந்ததைத்தான் இரட்டையம்மா நம்பச் சிரமப்பட்டாள். வெயிலில் காயவைக்கிறோம் என்று முதலில் ஆறாம் மாடி சொன்னது. உடனே ஐந்தாம் மாடிக்குத் தூக்கம் போயிற்று. மேலிருந்து கீழே, அதே பழைய ஜலதோஷம். ஒரு மாதத்தில் பால்கனிக்குப் பால்கனி கயிறு. மாடியில் கிழக்குக் கயிறுக்கு முன்பதிவு. டிரையர் ஓடுகிற சத்தம் கேட்டால், "ஐயோ பாவம், அவங்க வீட்டுப் பக்கம் வெயில் வராது போல" என்று அனுதாபம். டீச்சர் தன் டிரையருக்கு மேல் துணி போர்த்தி, பூந்தொட்டி வைத்து, அது என்னவென்று கேட்பவர்களிடம் மேஜை என்று சொன்னாள். முன்பு எந்தக் கௌரவத்துக்காக மெஷின் வாங்கினார்களோ, அதே கௌரவத்துக்காக அதை நிறுத்தினார்கள். பூமியைப் பற்றி அப்போதும் யாரும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்கூட ஃபோன் செய்து, "பேப்பர்ல வந்த வீடும்மா, நீங்கதான் அங்க இருக்கணும்" என்றார்.

"இவங்க யாரும் திருந்தல. எது பெருமைங்கறது மட்டும் இடம் மாறிடுச்சு" என்றாள் புருஷனிடம்.

"அதுல உனக்கு என்ன வருத்தம்?"

யோசித்துப் பார்த்தாள். வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஒரே குஷியாக இருந்தது.

விடுப்பு முடிந்து, இருவரையும் தொட்டிலில் விட்டுவிட்டு வேலைக்குப் போன முதல் வாரத்தில், அவளுடைய சொந்தக் கட்டடமே ரீடிங்குக்கு வந்தது. தரைத்தளத்தில் நாற்பத்தெட்டு மீட்டர்களும் வரிசையாக மின்னின. சிவப்பு விளக்குகள் முன்புபோல் வெறி பிடித்துத் துடிக்காமல், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன் மூச்சு மாதிரி நிதானமாகச் சிமிட்டின. பெருமைக்காகச் சிமிட்டுகிறதா, பூமிக்காகச் சிமிட்டுகிறதா என்று எந்த மீட்டரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போய், எல்லா வீட்டிலும் யூனிட் குறைந்திருப்பதைக் கண்டு, கடைசி மீட்டரில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"அம்மா."

திரும்பினாள். தலைவர். அரைக்கால் சட்டை, கையில் பேசின், பேசினில் ஈரப் பேன்ட்கள்.

"கிழக்குக் கயிறு இன்னிக்கு எங்க முறை. கிளிப்புதான் பத்தல. ஒரு ஆறு கிடைக்குமா?"

இரட்டையம்மா ரீடிங் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து ஆறு கிளிப்புகளை எண்ணி அவர் பேசினுக்குள் போட்டாள்.

"பாக்கெட்டைப் பார்த்துட்டுத்தானே சார் துவைச்சீங்க?" என்றாள்.